தலை இருக்கும் பக்கம்

வேலிக்கம்பங்களை நம்பித்தான் வெர்லா வண்டியை ஓட்டினாள். இடது பக்கம் கம்பங்கள் கறுப்புக் கோடுகளாக வந்து விலகின. அவை வருகிறவரை பாதை இருந்தது. வராத இடங்களில் வளைவு. வளைவுகள் அவளுக்கு மனப்பாடம்.

தம்பி லாமர் பக்கத்து இருக்கையில் மேற்கைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"பனி இன்னிக்கே வந்துடும்," என்றான். "ரேடியோவுல நாளைக்குத்தான்னு சொன்னான். அவன் சொல்லி என்னிக்கு நடந்திருக்கு?"

"வரட்டும். அந்தக் கல்பலகையை எடுத்துட்டா இந்த வருஷத்துக்குக் கடையைக் கட்டிடலாம்."

"ரூடி எடுக்க விட்டாத்தானே."

"தலை நம்ம பக்கம்னா விட்டுத்தானே ஆகணும்."

"நம்ம பக்கமா இல்லியான்னு நீதான் பார்த்துச் சொல்லணும்."

முன்னால் ஏதோ பழுப்பாக அசைந்தது. மானா, புதரா. அவள் ஹாரனை அடித்தாள்.

"எதுக்கு அடிக்கிற? ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல."

"சும்மா."

புதர்தான்.

ஜூன் மாதத்திலிருந்து அவளுக்கு நேர் எதிரே இருப்பது தெரிவதில்லை. இரண்டு கண்ணிலும் நடுவில் புகை. ஓரங்களில் மட்டும் உலகம் மிச்சமிருந்தது. ஒருவர் முகம் தெரிய வேண்டுமானால் அவர் காதைப் பார்க்க வேண்டும். போனது திரும்பாது என்றார் டாக்டர். இனி வண்டி ஓட்டக் கூடாது என்றார். அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். யாரிடமும் சொல்லவில்லை.

இந்த மலையில் மீன் எடுக்கிற குழிகளில் சாக்பீஸ் யார் கையில் இருக்கிறதோ அவர் வைத்ததுதான் சட்டம். எப்போதோ கல்லாகிப்போன மீன் அது, வெளியே தெரியாது. ஏடு ஏடாகப் பிரியும் பழைய ஏரிச்சேற்றுப் பாறையில், நகக்கனத்து மூடுகல்லின் அடியில் படுத்திருக்கும். சூரியன் தரையோடு தரையாகக் கிடக்கும் நேரத்தில் மட்டும் அந்த இடம் மேடாகத் தெரியும், நிழல் தட்டும். சாக்பீஸ்காரர் விடியலில் நடந்து பார்த்து மேடுகளைச் சுற்றிக் கோடு போடுவார். வெயில் ஏறியதும் மேடெல்லாம் மறைந்துவிடும். ரம்பம் பிடிக்கிறவர் பாறையைப் பார்ப்பதில்லை. கோட்டைப் பார்த்து அறுப்பார். மூடுகல்லை மலையில் யாரும் திறப்பதில்லை. அது குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஊசியால் செய்கிற வேலை.

கோடு வெர்லாவுடையது. ரம்பம் லாமருடையது. அப்பா போனதிலிருந்து அப்படித்தான்.

கோடைக்காலம் முழுக்க அவள் மண்டியிட்டு, உள்ளங்கையால் பாறையைத் தடவி, கைக்குப் பட்டதைச் சுற்றிக் கோடு போட்டாள். வயதாகிவிட்டது, நிதானமாகிவிட்டாள் என்று லாமர் எண்ணிக்கொண்டான். போன வாரம் அவள் கோட்டில் போன ரம்பம் ஒரு மீனை இரண்டாக்கியது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மீன். கைக்கு ஒன்றுதான் பட்டிருந்தது. வெட்டுவாயில் தெரிந்த பழுப்பு எலும்பைப் பார்த்துக்கொண்டே நின்றான் லாமர்.

"தூங்கிட்டியா?"

"ஆமா."

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சாக்பீஸை என்கிட்ட குடுத்துடு, வெர்லா. விளையாட்டுக்குச் சொல்லல."

சாக்பீஸ் போனால் மலை போயிற்று. குளிர்காலத்து ஊசியும் கண் வேலைதான். அதற்கப்புறம் ஜன்னலோர நாற்காலி.

குழியை அடைந்தபோது ரூடி சுபான் எல்லைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து வால்நட் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவன் குழி. இந்தப் பக்கம் இவர்களுடையது. தரை ஒன்றுதான். முப்பது வருடமாக ஒரே தரையைத் தோண்டிக்கொண்டு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"வந்துட்டீங்களா? என் மீனை யாரும் தூக்கிட்டுப் போயிடாம காவல் காத்துட்டு இருக்கேன்."

"உன் மீனா?" என்றான் லாமர். "பேர் வெச்சாச்சா?"

"வெச்சாச்சு. லாமருக்கில்லைன்னு பேரு."

காலையில் மேலடுக்கைப் பெயர்த்தபோதுதான் அந்தப் பலகை வெளிப்பட்டது. ஓர் ஆள் நீளத்துக்கு ஒரு மேடு, கயிற்றுக்குக் குறுக்கே. அதற்குள் வெயில் ஏறிவிட்டது. சாயங்கால வெளிச்சத்துக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. சுற்றிலும் முன்பே அறுத்து எடுத்திருந்ததால் பலகை ஒரு மேடை போலத் தனியாக நின்றது. பக்கவாட்டில் ஏடுகள் திறந்து கிடந்தன. இன்றிரவு பனி பெய்து, ஈரம் உள்ளே போய் உறைந்தால், காலையில் கைக்கு வருவது சல்லிதான்.

மீன் எல்லையில் படுத்திருந்தால் தலை யார் பக்கமோ மீன் அவருக்கு. அது பழைய வழக்கம். இரண்டு சாக்பீஸும் ஒரே முனையில் குறி போட வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் கயிற்றின்மேலேயே அறுத்து ஆளுக்குப் பாதி. அப்படி அறுத்தது ஒரே ஒரு முறைதான், இரண்டு வீட்டு அப்பாக்களின் காலத்தில். அந்த இரண்டு பாதியும் இன்னும் இரண்டு வீட்டுக் கொட்டகையிலும் கிடக்கின்றன. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

வெர்லா சூடான சாக்லேட்டை மூடியில் ஊற்றிக் குடித்தாள்.

"குடி, குடி," என்றான் ரூடி. "காபியே தொடாத உங்க சபைக்காரங்களுக்குத்தான் கண்ணு கழுகு மாதிரி இருக்கு. எனக்குப் பாரு, மூணாவது கண்ணாடி."

"உனக்குக் காபியால வந்ததில்ல," என்றாள். "காபியில ஊத்திக்கிறியே, அதால வந்தது."

ரூடி சிரித்தான். அவள் அவன் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேற்கே மேகம் சுவராக எழுந்துகொண்டிருந்தது. காற்று திசை மாறியது. மேகத்துக்கும் மலைக்கும் நடுவே ஒரு கோடு அளவுக்கு வானம் திறந்திருந்தது. சூரியன் அந்த இடுக்குக்கு இறங்கினால் வெளிச்சம் கிடைக்கும். மேகம் முந்திக்கொண்டால் இல்லை.

மூவரும் மேற்கே திரும்பி நின்றார்கள்.

சூரியன் இறங்கியது. குழி முழுக்க மஞ்சள் வெளிச்சம் தரையோடு பாய்ந்தது. லாமர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது.

"அடேயப்பா."

வெர்லாவுக்கு மஞ்சள் மட்டும் தெரிந்தது. பலகை இருந்த இடத்தில் புகை.

ரூடி பலகையைச் சுற்றி வந்தான். குனிந்தான், நிமிர்ந்தான், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டான். பிறகு தன் பக்கத்து முனையில் ஒரு பெருக்கல் குறி போட்டான். சாக்பீஸ் கல்லில் இருமுறை கீச்சிட்டது.

"அகலமான முனை இங்க. தலை இங்க. ஒல்லியா உங்க பக்கம் ஓடுதே, அது வாலு. வேணும்னா அந்த வாலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுக்குங்க."

லாமர் அவள் காதோரம் வந்தான். குரல் இறங்கியிருந்தது.

"அவன் சொல்றது சரிதான் போல இருக்கு. அகலம் அவன் பக்கம்தான். என்ன சொல்ற?"

ஒத்துக்கொண்டால் போதும். ரூடியின் குறிமேல் அவளும் ஒரு குறி போட்டால் மீன் போகும், சாக்பீஸ் கையில் இருக்கும். யாரும் எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு மண்டியிட்டாள்.

"ஜெபம் பண்றியா?" என்றான் ரூடி. "வெளிச்சம் போயிட்டிருக்கு, அம்மணி."

"நீ வாயை மூடினா கொஞ்சம் நின்னு போகும்."

சாதாரண மீனின் மேடு கைக்கு வழவழவென்றிருக்கும், கரண்டிமேல் துணி போர்த்தியது போல. இது அப்படி இல்லை. மூடுகல்லின் அடியில் பொடிப்பொடியாக ஏதோ நெருடியது. விரலைச் சாய்த்து இழுத்தாள். நெருடல் வரிசையாக வந்தது. சாய்ந்த வரிசைகள், ஒன்றோடொன்று ஒட்டி, ஓடு பாவியது போல.

நடு உடம்பிலிருந்து ரூடியின் பக்கம் போனாள். மேடு விரிந்தது. ஆனால் தடிக்கவில்லை. மேலே ஒரு விசிறி, கீழே ஒரு விசிறி, கடைசியில் வட்டமாக இன்னொன்று. தலையென்றால் எலும்புக் குவியல் இருக்க வேண்டும். இங்கே விசிறிகள்தான் இருந்தன.

திரும்பித் தன் பக்கம் வந்தாள். உடம்பு ஒல்லியாகிக்கொண்டே வந்து, சட்டென்று ஓரிடத்தில் கட்டியாகி, மறுபடி ஒல்லியாகியது. அங்கே ஓடுகள் நின்றுவிட்டன.

எழாமலேயே சொன்னாள்.

"முதலைமீன்."

"என்னது?"

"முதலைமீன், ரூடி. நீ வால்னு சொன்னியே, அது மூக்கு. நீ தலைன்னு குறி போட்டியே, அது வாலு. செதிலைத் தொட்டுப் பாரு."

ரூடி சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினான். அவன் முழங்கால் கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தழும்பேறின கை. ஒரு எழவும் தெரியல," என்றான். "கொஞ்சம் சொரசொரங்குது. மணலாக்கூட இருக்கலாம்."

"மணல் வரிசை கட்டி நிக்குமா?"

முதலை போல நீண்ட மூக்கும் ஓடு ஓடாகச் செதிலும் கொண்ட அந்த மீன் இந்தக் குழியில் இதுவரை ஒன்றுதான் கிடைத்திருந்தது. அப்பா காலத்தில்.

"வெர்லா," என்றான் ரூடி. குரலில் விளையாட்டு இல்லை. "உனக்கு அது தெரியுதா?"

காற்று வீசியது.

"முதலைமீன்தான்."

"முப்பது வருஷத்துல போன வாரம் ஒண்ணுதான் நீ தப்பாப் போட்டது. என் கண்ணை விட உன் கண்ணை நம்பலாம்." அவன் தன் குறியை உள்ளங்கையால் அழித்தான். "எடுத்துட்டுப் போ. கோட்டைப் போடு, நானும் ஒரு கை பிடிக்கிறேன். மூணு பேர் இல்லாம இதைத் தூக்க முடியாது."

லாமர் அவள் தோளைத் தட்டிவிட்டு ரம்பம் எடுக்க ஓடினான்.

அவள் சாக்பீஸை எடுத்தாள். உடம்பைச் சுற்றிக் கோடு போடுவது எளிது. ஒரு கையால் தடவிக்கொண்டு மறுகையால் இழுத்தாள். வால் பக்கம் தாராளமாக விட்டாள். மூக்குப் பக்கம் வந்ததும் கை தயங்கியது. மூக்கில் ஓடு இல்லை. விரலுக்கு ஒரு நூல் போலப் பட்டு, நழுவி, மறுபடி பட்டு, காணாமல் போனது. போன இடத்திலிருந்து ஒரு சாண் விட்டுக் கோட்டை வளைத்தாள்.

அதற்குள் மஞ்சள் போய்விட்டது. மேகம் இடுக்கை மூடியது. எல்லோருக்கும் மேடு மறைந்தது. இனி கோடு மட்டும்தான்.

முதல் பனித்துகள் அவள் உதட்டில் விழுந்தது.

லாமர் ரம்பத்தின் இழுகயிற்றைச் சுண்டினான். ரம்பம் உறுமியது. வால் பக்கத்திலிருந்து தொடங்கினான். புழுதி வெள்ளையாக எழுந்தது. அவன் எப்போதும் போல அறுத்தான், நிற்காமல், கோட்டின் வெளி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு. ரூடி பிளவில் ஆப்புகளைச் செருகிக்கொண்டு பின்னால் வந்தான்.

வெர்லா மூக்குப் பக்கம் குந்தியிருந்தாள். வேலை இல்லாத விரல்கள் தாமாகவே கோட்டுக்குப் போயின. கோட்டைத் தாண்டின.

நூல் அங்கே இருந்தது.

கை வைத்த இடத்தில் மறுபடி வைத்தாள். இல்லை. கொஞ்சம் தள்ளி வைத்தாள். இருந்தது. கோட்டுக்குக் குறுக்கே போய் அந்தப் பக்கம் நீண்டது. ஏரித்தண்ணீர் அடியில் விட்டுப்போன அலைவரியாக இருக்கலாம். விரிசலாக இருக்கலாம். மூக்காகவும் இருக்கலாம். கண் இருந்தால் ஒரு பார்வையில் தெரியும்.

ரம்பம் முதுகுப் பக்கம் முடித்துத் திரும்பியது.

அலைவரியென்றால் பேசாமல் இருந்துவிடலாம். மீன் முழுசாக வரும். லாமர் ஊரெல்லாம் சொல்வான். அடுத்த வருடமும் சாக்பீஸ் அவள் பையில் இருக்கும். வாயைத் திறந்தால் சாக்பீஸ் போகும். அதோடு மீனும் போகும். அவள் கண்ணை நம்பித்தான் ரூடி குறியை அழித்தான். கண்ணே இல்லையென்றால் குறியை மறுபடி போடுவான்.

புழுதி அவள் முகத்துக்கு வந்தது. விரலடியில் கல் அதிர்ந்தது. நூலை மறுபடி தேடினாள். அதிர்வில் எதுவும் தெரியவில்லை. ரம்பம் வளைவுக்குள் நுழைந்தது.

அவள் உள்ளங்கையை விரித்துக் கோட்டின்மேல் வைத்தாள்.

"ஏய்!"

சத்தம் ஒரு மூச்சு நேரம் அலறி அடங்கியது. ரம்பத்தின் சூடு அவள் கட்டைவிரலுக்குத் தெரிந்தது.

"பைத்தியமா உனக்கு?" லாமர் ரம்பத்தைப் பின்னால் இழுத்தான். "கை போயிருக்கும்! கையை எடு!"

"கோடு தப்பு."

"என்ன தப்பு? இப்பத்தானே போட்ட?"

"தப்பா இருக்கலாம். எனக்குத் தெரியல."

"தெரியலைன்னா?"

"கண்ணு தெரியல, லாமர். ஜூன்லேர்ந்து."

பனி ரம்பத்தின்மேல் விழுந்து சீறியது.

"கோட்டுக்கு அந்தப் பக்கம் கைக்கு என்னமோ படுது," என்றாள். "மூக்கா என்னன்னு எனக்குச் சொல்ல முடியல. நீ பாரு."

லாமர் அசையவில்லை. ரூடிதான் தன் பையிலிருந்து டார்ச்சை எடுத்தான். மேகம் மூடியதில் குழி மங்கிவிட்டிருந்தது. அவன் டார்ச்சைக் கல்லோடு படுக்க வைத்துக் கன்னத்தைப் பாறையில் ஒட்டினான். பனித்துகளை ஊதி விலக்கினான்.

"லாமர். இங்க வா."

லாமர் போய்ப் படுத்தான்.

"போகுது," என்றான் கொஞ்சம் கழித்து. "கோட்டைத் தாண்டிப் போகுது. ஒரு முழம் இருக்கும் இன்னும்."

"நேரா போகுதா?"

"கத்தி மாதிரி."

அவள் கையைக் கல்லிலிருந்து எடுத்தாள்.

லாமர் எழுந்து அவள் முன்னால் வந்து நின்றான். அவளுக்கு அவன் தோளும் காதும் தெரிந்தன.

"எத்தனை அறுத்தேன்?"

"என்ன?"

"இந்தக் கோடை முழுக்க உன் கோட்டுல எத்தனை மீனை நான் அறுத்தேன்?"

"எனக்குத் தெரிஞ்சு ஒண்ணு."

அவன் சிரித்தது போல ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பில்லை.

ரூடி தொண்டையைச் செருமினான்.

"அப்போ அது முதலைமீன்னு எதை வெச்சுச் சொன்ன?"

"கையை வெச்சு."

"என் குறியை அழிக்க வெச்சது உன் கண்ணு. உன் கை இல்ல."

"ஆமா."

"கேட்டேனே, தெரியுதான்னு."

"கேட்ட. நான் சொல்லல."

ரூடி டார்ச்சை அணைத்து ஏற்றி அணைத்தான். பனி அடர்ந்தது.

"ஜூலையில ஒரு காலையில என் பூட்ஸைச் சுத்திக் கோடு போடப் பார்த்த," என்றான். "கிண்டல் பண்றன்னு நினைச்சுட்டேன். நான் ஒரு முட்டாள்." அவன் பலகையைக் காலால் லேசாகத் தட்டினான். "இப்ப இதைப் பாதியா அறுத்தா உங்கப்பனும் எங்கப்பனும் கல்லறையில எழுந்து உட்கார்ந்துப்பாங்க. எடுத்துட்டுப் போங்க. ஆனா ஜனவரியில மூடுகல்லை எடுக்கறப்ப நான் பக்கத்துல நிப்பேன். ஊசி உன் கையில இல்ல, லாமர் கையில. வால்தான் உங்க பக்கம்னா, அங்கேயே வண்டியில ஏத்திடுவேன். சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் வெர்லா.

லாமர் கையை நீட்டினான். அவள் சாக்பீஸை அதில் வைத்தாள். அவன் மண்டியிட்டு, ரூடி பிடித்த வெளிச்சத்தில், அவள் கோட்டைத் துடைத்துவிட்டு வேறு கோடு போட்டான். நிதானமாகப் போட்டான். ஒரு முறை நிறுத்தினான்.

"இங்க ஒண்ணு மங்கலா இருக்கு. தொட்டுப் பாரு."

தொட்டாள். "அது வெறும் கல்லு."

அவன் கோட்டைத் தொடர்ந்தான்.

அறுத்து முடித்தபோது எல்லைக் கயிறு பனியில் மறைந்திருந்தது. மூவரும் பலகையை நெம்பி, மரச்சட்டத்தில் ஏற்றி, தார்ப்பாய் சுற்றி, வண்டியின் பின்னால் தள்ளினார்கள். ரூடி மிச்சமிருந்த வால்நட் ரொட்டியை வெர்லாவின் மடியில் போட்டான்.

"ஜனவரி," என்றான் லாமரிடம். அவளிடம் எதுவும் சொல்லாமல் தன் வண்டிக்குப் போனான்.

வெர்லா ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள். பழக்கம். லாமர் வந்து கதவுக்கும் அவளுக்கும் நடுவே நின்று மறுபடி கையை நீட்டினான்.

"சாக்பீஸைத்தான் குடுத்தாச்சே," என்றாள்.

"வண்டிச் சாவி."

கீழே ஊர்வரைக்கும் பாதை ஒரு பக்கம் சரிவு. தினம் இரண்டு முறை அந்தப் பாதையில் அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறான், பல நாள் தூங்கிக்கொண்டு. அதை அவன் இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவள் சாவியைக் கொடுத்துவிட்டு, வண்டியைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து, அந்தப் பக்கம் ஏறினாள்.